ஓட்டை ரயிலும் ஊறின தட்டையும்!

ஒரு கேள்வி. மனசாட்சியைத் தொட்டு பதில் சொல்லணும்.

செமஸ்டர் ஃபீஸ் கட்ட நாளைக்குக் கடைசி நாள். கையில் காசு இல்லை. வீட்டிலும் கேட்க முடியாது. கிளாஸ் முன்னாடி எழுந்து நின்னு, ‘எனக்குப் பணம் வேணும், யாராவது உதவுங்க’ன்னு சத்தமாச் சொல்வீங்களா?

மாட்டீங்க. நானும் மாட்டேன். செல்லை ஸ்விட்ச் ஆஃப் பண்ணிட்டு, ஹாஸ்டல் மொட்டை மாடியில் போய் உட்கார்ந்து வானத்தைப் பார்ப்போம். ‘மானம்’னு ஒண்ணு இருக்கே பாஸ்!

ஆனா, ஜப்பானில் ஒரு ரயில் கம்பெனி எழுந்து நின்னுச்சு. ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லுச்சு. ‘எங்க ரயிலை ரிப்பேர் பண்ணக் காசில்லை. தயவுபண்ணி எங்க தட்டையை வாங்குங்க!’

தட்டையா? ஆமா, தட்டைதான். இந்த வாரம் அந்தக் கதைதான்!

புல்லட் ரயில் ஊரில் ஒரு பொடியன்

ஜப்பான் ரயில்னதும் உங்க மனசுல என்ன ஓடுது? மூக்கு நீளமா, வழுவழுன்னு, சர்ர்ருன்னு போகுமே ஷின்கான்சென்... அதானே? அதை ஒரு ஓரமா வைங்க. நாம போகப்போறது அதோட ஏழைச் சொந்தக்காரன் வீட்டுக்கு.

டோக்கியோவில் இருந்து கிழக்கே கடலைப் பார்த்து ரெண்டு மணி நேரம் ரயிலில் போனா, சீபா மாகாணத்தின் மூக்கு நுனியில் ஒரு ஊர் வரும். பேரு சோஷி. மீன்பிடித் துறைமுகம். மத்தியும் கானாங்கெளுத்தியும் கொட்டுற ஊர். 2011-ல் தொடங்கி பல வருஷம் தொடர்ச்சியா ஜப்பானிலேயே அதிக மீன் இறங்கின துறைமுகம் இதுதான். அப்புறம் சோயா சாஸ். யமாசா, ஹிகேட்டான்னு நூற்றாண்டுகள் தாண்டின ரெண்டு பெரிய சாஸ் கம்பெனிகளும் இங்கேதான். மீன் வாசனையும் சாஸ் வாசனையும் கலந்து அடிக்கிற ஊர்னு வெச்சுக்கங்களேன்.

அந்த ஊருக்குள்ளே ஓடுறதுதான் ‘சோஷி எலெக்ட்ரிக் ரயில்வே’. தனியார் கம்பெனி. மொத்த நீளம் 6.4 கிலோ மீட்டர். படிச்சது சரிதான்... ஆறு புள்ளி நாலு! அதுக்குள்ளே 10 ஸ்டேஷன். ஒத்தைத் தண்டவாளம். அதிகபட்ச வேகமே மணிக்கு 40 கிலோ மீட்டர்தான். முட்டைக்கோஸ் தோட்டத்துக்கு நடுவிலே, கிளைகள் கூரை மாதிரி கவிஞ்சு நிற்கிற மரங்களுக்கு அடியிலே, ஆடி அசைஞ்சு போய், தோகாவாங்கிற மீனவர் குடியிருப்பில் நிக்கும். அதோட ரூட்டு முடிஞ்சது. வழியில் இனுபோங்கிற ஸ்டேஷன்ல இறங்கினா, 1874-ல் கட்டின கலங்கரை விளக்கம். புத்தாண்டு அன்னைக்கு முதல் சூரியனைப் பார்க்கணும்னு ஜனங்க அங்கே விடியறதுக்கு முன்னாடியே குவிவாங்க.

ஓடுற பெட்டிகளோட வரலாறு இன்னும் ஜோர். டோக்கியோவில் ஒரு பெரிய கம்பெனி ஓட்டித் தள்ளின பெட்டியை, ஷிகோகு தீவில் இன்னொரு கம்பெனி வாங்கி இன்னும் பல வருஷம் ஓட்டித் தேய்ச்சுது. ‘இனிமே வேணாம்’னு அவங்க கழட்டிவிட்ட பிறகுதான் அது சோஷிக்கு வந்துச்சு. மூணாங்கை வண்டி! அண்ணன் சட்டை தம்பிக்கு, தம்பி சட்டை கடைக்குட்டிக்கு வர்ற கதைதான்.

பிறக்கும்போதே கண்டம்

இந்த ரயிலுக்கு ஜாதகத்திலேயே கண்டம். 1913-ல் இதே பாதையில் முதன்முதலா ஒரு ரயில் விட்டாங்க. கூட்டம் வரலை. அந்த நேரம் பார்த்து முதல் உலகப்போர். இரும்பு விலை எகிறிடுச்சு. ரயில் ஓட்டுறதைவிட தண்டவாளத்தைப் பேர்த்து வித்தா லாபம்னு கணக்குப் போட்டாங்க. 1917-ல் மூடிட்டாங்க!

அப்புறம் ஊர்க்காரங்க திரும்பவும் ஒரு கம்பெனி தொடங்கி, 1923-ல் புதுசா தண்டவாளம் போட்டு ஓட்டினாங்க. ரெண்டு வருஷத்தில் மின்சாரமும் வந்துச்சு. இப்ப இருக்கிறது அந்த ரெண்டாவது பிறவிதான். போர் முடிஞ்சு 1948-ல் இப்போதைய பேர்.

1960-கள் வரைக்கும் சமாளிச்சாங்க. அப்புறம் பஸ் வந்தது. கார் வந்தது. பசங்க படிச்சுட்டு டோக்கியோவுக்குக் கிளம்பினாங்க. ஒரு காலத்தில் 90 ஆயிரத்தைத் தொட்ட ஊர் ஜனத்தொகை, 2020 கணக்கெடுப்பில் 58 ஆயிரத்துச் சொச்சம். ஊரே காலியாகும்போது ரயிலில் யார் ஏறுவா?

அப்பதான் சைடு பிசினஸ். 1976-ல் கன்னோன் ஸ்டேஷன்ல ‘தாய்யாக்கி’ சுட்டு விக்க ஆரம்பிச்சாங்க. மீன் ஷேப்ல, உள்ளே இனிப்புப் பயறு பூரணம் வெச்ச அப்பம். அந்த நேரத்தில் தாய்யாக்கி பத்தின ஒரு பாட்டு நாடு முழுக்க சூப்பர் ஹிட். பாட்டு ஹிட்டானதும் அப்பம் சுட்ட புத்திசாலிங்க!

இதைக் கேட்டு சிரிக்காதீங்க. ஜப்பானில் தனியார் ரயில் கம்பெனிகள் டிக்கெட்டை மட்டும் நம்பிப் பிழைச்சது குறைவு. ஓசாகாவில் ஹான்க்யூ கம்பெனி 1929-லேயே உமெதா ஸ்டேஷன்ல டிபார்ட்மென்ட் ஸ்டோர் திறந்துச்சு. தண்டவாளம் ஓரமா வீட்டு மனை போட்டு வித்துச்சு. ரயில் ஆளைக் கூட்டிட்டு வரும், கடை காசைக் கூட்டிட்டு வரும். சோஷிக்காரங்களும் அதே ஃபார்முலாவைத்தான் பிடிச்சாங்க. என்ன, அவங்க கையில் இருந்த முதலுக்கு டிபார்ட்மென்ட் ஸ்டோர் வராது. அப்பச் சட்டிதான் வரும்!

1995-ல் அடுத்த ஐட்டம். பேரு ‘நுரே சென்பே’. சென்பேன்னா அரிசி மாவைத் தட்டி, நெருப்பில் சுட்டு எடுக்கிறது. நம்ம தட்டைக்கு ஒண்ணுவிட்ட தம்பி. அதைச் சூடா இருக்கும்போதே சோயா சாஸில் முக்கி எடுத்தா, மொறுமொறுப்பு போய், மெத்துமெத்துன்னு ஊறி நிக்கும். ‘நுரே’ன்னா நனைஞ்சதுன்னு அர்த்தம். சோஷியிலேயே இருந்த ஒரு பலகாரக் கடையோட கண்டுபிடிப்பு அது. அந்தக் கடைக்காரங்ககிட்டயே தொழிலைக் கத்துக்கிட்டு, ரயில் கம்பெனியும் சுட ஆரம்பிச்சுது. நல்லாவே போச்சு. சீக்கிரமே டிக்கெட்டில் வர்றதைவிட தட்டையில் வர்ற வருமானம் அதிகமாயிடுச்சு!

பெட்டியில் கை வெச்ச பெரிய மனுஷன்

இனிமேதான் வில்லன் என்ட்ரி. அவர் வெளியில் இருந்து வரலை. அப்போதைய கம்பெனித் தலைவரே கம்பெனி பேரில் சுமார் 11 கோடி யென் கடன் வாங்கி வேற வழியில் திருப்பிவிட்டார். 2006-ல் போலீஸ் கைது பண்ணுச்சு. தப்பு பண்ணினவர் போயிட்டார், கடன் மட்டும் கம்பெனி தலையில். இந்த விவகாரத்தில் பேர் கெட்டுப்போனதால் அரசாங்க உதவித்தொகையும் நின்னுபோச்சு. பேங்க் கதவும் மூடிடுச்சு.

நேரம் கெட்டா ஒட்டகத்தில் உட்கார்ந்திருந்தாலும் நாய் கடிக்கும்பாங்களே... அதே நேரத்தில் அரசாங்கம் சோதனை பண்ணி, தண்டவாளத்தைச் சரி பண்ணச் சொல்லுச்சு. பெட்டிகளுக்கும் சட்டப்படி செய்ய வேண்டிய சோதனை வரிசையா நின்னுது. ரயிலை பார்ட் பார்ட்டாகக் கழட்டிப் பார்க்கணும். அதைச் செய்யாத வண்டியை ஓட்டக் கூடாது. செய்றதுக்கோ காசில்லை. ஒவ்வொரு வண்டியா ஷெட்டில் நின்னா, ரயிலே நின்னுபோகும்.

இந்த இடத்தில்தான் கம்பெனியோட கணக்குப் பிரிவில் இருந்தவங்க ஒரு காரியம் பண்ணினாங்க. 2006 நவம்பர். கம்பெனி இணையதளத்தில் ஒரு வேண்டுகோள். பெரிய பெரிய வார்த்தை கிடையாது, அலங்காரம் கிடையாது. ரயில் தொடர்ந்து ஓடணும், அதுக்கு ரிப்பேர் செலவைச் சம்பாதிச்சே ஆகணும், அதனால எங்க நுரே சென்பேயை வாங்குங்க... அவ்வளவுதான் சேதி. கெஞ்சல்தான். ஆனா, நேர்மையான கெஞ்சல்.

விஷயம் இன்டர்நெட்டில் தீயாப் பரவுச்சு. நாட்டின் மூலைமுடுக்கில் இருந்தெல்லாம் ஆர்டர். சோஷி எந்தத் திசையில் இருக்குன்னு தெரியாதவங்ககூட வாங்கினாங்க. ‘போதும், கொஞ்ச நாள் ஆர்டர் எடுக்க முடியலை’ன்னு கம்பெனியே கையெடுத்துக் கும்பிட வேண்டிய அளவுக்குப் போச்சு. ஊர்க்காரங்க ஒரு ஆதரவு சங்கம் தொடங்கிப் பணம் திரட்டினாங்க. சோதனை நடந்துச்சு. ரயில் ஓடுச்சு!

கைதட்டுறதுக்கு முன்னாடி...

ஒரு நிமிஷம் பொறுங்க. இத்தோட ‘சுபம்’ கார்டு போட்டா நான் உங்களை ஏமாத்தினதா ஆயிடும்.

அதே நேரத்தில், பக்கத்து இபராகி மாகாணத்தில் காஷிமா ரயில்வேன்னு இன்னொரு சின்ன ரயில் இருந்துச்சு. சுமார் 27 கிலோ மீட்டர் பாதை. அதுக்கும் பணக் கஷ்டம். அதைக் காப்பாத்த இறங்கினது யார் தெரியுமா? அந்த ரயிலில் தினமும் ஸ்கூலுக்குப் போன பசங்க. ஹைஸ்கூல், மிடில் ஸ்கூல் பசங்க சேர்ந்து ஆதரவுப் படை அமைச்சு, வருஷக்கணக்கா பிரசாரம் பண்ணினாங்க.

2007 மார்ச் 31. காஷிமா ரயில் கடைசியா ஓடுச்சு. மறுநாளில் இருந்து கிடையாது. சோஷியில் தட்டை பார்சல்கள் பறந்துட்டிருந்த அதே சீசன்லதான் இதுவும். பின்னாடி அந்தப் பாதையில் ஒரு பகுதியை பஸ் மட்டும் போற ரோடா மாத்தினாங்க.

அந்தப் பசங்க உழைப்பில் குறை இல்லை. அவங்க பாசமும் சோஷிக்காரங்க பாசத்துக்கு எந்த வகையிலும் இளைச்சதில்லை. ஆனா, 2000-ல் ஜப்பானில் சட்டத்தை மாத்திட்டாங்க. அதுக்கு முன்னாடி ஒரு ரயில் பாதையை மூடணும்னா அரசாங்கம் அனுமதி தரணும். அதுக்கப்புறம், ஒரு வருஷம் முன்னாடி நோட்டீஸ் கொடுத்தா போதும். நஷ்டத்தைத் தாங்குற கை விலகிட்டா, பாசம் மட்டும் டீசல் ஊத்தாது. சோஷியில் பாசத்தோட சேர்த்து விக்கிறதுக்கு ஒரு பொருள் இருந்துச்சு. அதைச் சுடத் தெரிஞ்ச கை இருந்துச்சு. அந்த வித்தியாசம் வலிக்கிற மாதிரி இருக்குல்ல? எனக்கும்தான்.

பரிதாபத்தில் ஒரு பாக்கெட் வாங்கலாம். ரெண்டாவது பாக்கெட், ருசியா இருந்தாத்தான் வாங்குவோம். இது சோஷிக்காரங்களுக்கு நல்லாவே புரிஞ்சிருந்துச்சு.

தன்னைத் தானே கலாய்!

2011-ல் பெரும் பூகம்பம். சுற்றுலாக் கூட்டம் காணாமப்போச்சு. திரும்பவும் கழுத்தளவு தண்ணி. 2012-ல் காத்சுனோரி தகேமோட்டோங்கிறவர் தலைவரானார். தொழில் முறையில் வரிக் கணக்கு பார்க்கிறவர். கணக்குப் பார்த்தவர் கால்குலேட்டரைத் தூக்கிப்போட்டுட்டு ஓடியிருக்கணும். இவர் என்ன பண்ணினார்னா, தானே பரீட்சை எழுதி ரயில் ஓட்டுற லைசென்ஸ் வாங்கினார். கம்பெனித் தலைவரே டிரைவர்!

அப்புறம் ஆரம்பிச்சுது பாருங்க ரவுசு...

2015-ல் ஸ்டேஷன் பேர்களுக்கு செல்லப் பேர் வைக்கிற உரிமையை வித்தாங்க. கசகாமி குரோஹாயேன்னு ஒரு ஸ்டேஷன். ஒரு ஷாம்பு கம்பெனி அதை எடுத்து, ‘காமிகே குரோஹாயே’ன்னு மாத்துச்சு. ஜப்பானிய எழுத்தில் படிச்சா ‘தலைமுடி கருகருன்னு முளைக்குது’ன்னு அர்த்தம்! கடைசி ஸ்டேஷன் தோகாவாவுக்கு வெச்ச செல்லப் பேர் ‘அரிகாத்தோ’. ‘நன்றி’!

அதே வருஷம், ஓடுற ரயிலுக்குள்ளேயே பேய் வீடு. பழைய பெட்டி, மங்கின லைட்டு, கடகட சத்தம்... செட் போடுற செலவு மிச்சம்னு நினைச்சிருப்பாங்க!

2018-ல் உச்சம். ஜப்பானில் ‘உமாய்போ’ன்னு ஒரு குச்சி ஸ்நாக்ஸ் ரொம்பப் பிரபலம். ‘உமாய்’னா ருசி. சோஷிக்காரங்க ‘மசூய்போ’ன்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க. ‘மசூய்’னா ருசியே இல்லைன்னு அர்த்தம். நிலைமை மோசம்னும் அர்த்தம். அதாவது, எங்க கம்பெனி நிலைமை மோசம்! ரிலீஸ் பண்ணின தேதி ஆகஸ்ட் 3. எட்டையும் மூணையும் சேர்த்து ‘ஹாசான்’னு வாசிக்கலாம். ஹாசான்னா திவால்! பாக்கெட்டில் இருக்கிற பொம்மையை வரைஞ்சவர் ஹிதேஷி ஹினோ, பேய்க் கதை காமிக்ஸ் ஓவியர். ஆனா, உள்ளே இருக்கிறது மக்காச்சோள சூப் ருசி. நல்லாவே இருக்குமாம்!

2020-ல் சினிமாவே எடுத்துட்டாங்க. பேரு ‘ரயிலை நிறுத்தாதே!’. தக்கனூண்டு பட்ஜெட்டில் எடுத்து சக்கைபோடு போட்ட ‘கேமராவை நிறுத்தாதே!’ படத்தோட தலைப்பைக் கலாய்ச்சு வெச்ச பேர். துணைத் தலைப்பு ‘நோரோய் 6.4 கிலோ மீட்டர்’. நோரோய்னா சாபம். ‘மெதுவா’ன்னும் அர்த்தம்!

தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கிற ஜல்லிக் கல்லை டப்பாவில் அடைச்சு வித்ததும் இவங்கதான். இதெல்லாம் போகப் போக, வருமானத்தில் பெரும்பங்கு தின்பண்டமும் சைடு சரக்குமா ஆயிடுச்சு. ஜப்பானில் கம்பெனிகளை ஆராய்ச்சி பண்ற டெய்கோகு டேட்டாபேங்க்கிற நிறுவனம், தன் பட்டியலில் இந்தக் கம்பெனியை ‘அரிசிப் பலகாரம் தயாரிப்பு’ங்கிற பிரிவில்தான் போட்டு வெச்சிருக்கு. ரயில் கம்பெனின்னுகூட இல்லை! அதையும் தலைவரே போற இடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார்.

உங்க வயசுக்காரங்க

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடிச்ச சீன் இன்னும் சொல்லலை. 2014 ஜனவரி. ஒரு ரயில் தடம் புரண்டுச்சு. நல்லவேளை, யாருக்கும் காயம் இல்லை. ஆனா, பெட்டிக்குச் செம அடி. ரிப்பேர் பண்ணக் காசில்லாம ஷெட்டில் போட்டுட்டாங்க.

அப்ப இறங்கினாங்க சோஷி கமர்ஷியல் ஹைஸ்கூல் பசங்க. பதினாறு, பதினேழு வயசு. இன்டர்நெட்டில் பொதுமக்கள்கிட்ட பணம் திரட்டுற ஒரு திட்டத்தை வகுத்து, அவங்களே வேண்டுகோள் எழுதி, ஊர் ஊராப் பேசி, இலக்கை எட்டினாங்க. அந்த ரயில் திரும்பவும் தண்டவாளம் ஏறுச்சு. புத்தகத்தில் வணிகவியல் படிக்கிற பசங்க, நிஜத்தில் ஒரு ரயிலையே நகர்த்திக் காட்டினாங்க. இதைவிடப் பெரிய புராஜெக்ட் வைவா இருக்கா என்ன?

காஷிமாவில் தோத்ததும் பசங்கதான், சோஷியில் ஜெயிச்சதும் பசங்கதான். ரெண்டு பேருமே கேட்டாங்க. ஒரு இடத்தில் கிடைச்சது, ஒரு இடத்தில் கிடைக்கலை. கேட்டா கிடைக்கும்னு இங்கே யாரும் உத்தரவாதம் தரலை.

கொரோனா நேரத்திலும் அதே கதைதான். 2020 ஏப்ரலில் ஒருநாள் முழுக்க ரயில் ஓடி வந்த டிக்கெட் வசூல் 5,000 யென்கூட இல்லை. ஒரு பெட்டியைச் சுத்தம் பண்றதுக்கே காணாது. ரயில் காலியா ஓடுச்சு, தட்டை மட்டும் இன்டர்நெட் வழியா வீடு வீடாப் போச்சு. அந்தக் கொரோனா காலத்திலேயே, ஆறு வருஷம் கழிச்சு கம்பெனி லாபக் கணக்கு காட்டுச்சு. பெரிய லாபம் எல்லாம் இல்லை... தலை தண்ணிக்கு மேலே வந்துச்சு, அவ்வளவுதான். 2024-ல் ஓசாகா பக்கம் நான்காய் கம்பெனியில் இருந்து ‘புது’ ரயில் வாங்கினாங்க. புதுசுன்னா, 1969-ல் செஞ்சது. மூணாங்கையில் இருந்து ரெண்டாங்கைக்குப் பிரமோஷன்!

‘இவ்வளவு கஷ்டப்பட்டு எதுக்கு பாஸ்? மூடிட்டு பஸ் விடலாமே’ன்னு கேக்கறீங்களா? நியாயமான கேள்வி. ஜனத்தொகை குறையுறதை எந்தத் தட்டையும் நிறுத்தாது. பத்து வருஷம் கழிச்சு இந்த ரயில் இருக்குமான்னு யாரும் சத்தியம் பண்ண முடியாது. ஆனா, காலையில் அதில் ஸ்கூலுக்குப் போற பையனும், ஆஸ்பத்திரிக்குப் போற பாட்டியும் இன்னைக்கும் இருக்காங்க. அவங்க கண்ணுக்கு முன்னாடி ‘வர்றேன்’னு சொல்லிட்டு வர்ற ஒரே பெரிய வண்டி அதுதான். அது ஓடுற வரைக்கும்தான் சோஷி மேப்பில் கறுப்புக் கோடு.

சரி, முதல் கேள்விக்கு வருவோம்.

ஃபீஸுக்கோ, அரியர் பாடத்துக்கோ, வேற எதுக்கோ மொட்டை மாடியில் தனியா உட்கார்ந்திருக்கிற ஆள் நீங்களா இருந்தா... கீழே இறங்கி வாங்க. ஒருத்தர்கிட்டயாவது நடந்ததை நடந்தபடி சொல்லுங்க. கூடவே உங்களுக்கு எது நல்லாச் சுட வரும்னும் யோசிச்சு வைங்க. டியூஷன் எடுக்கிறதோ, டிசைன் போடுறதோ, எதுவோ ஒண்ணு.

உட்கார்ந்திருக்கிறது உங்க ஃப்ரெண்டா இருந்தா? ரெண்டு வாரமா கிளாஸுக்கு வராத ஒருத்தன் எல்லா கிளாஸிலும் இருப்பான். அட்டெண்டன்ஸ் நோட்டில் அவன் பேர் வரும்போது எல்லாரும் சிரிச்சிருப்போம். இன்னைக்கு சாயங்காலம் அவன் ரூம் கதவைத் தட்டிப் பாருங்க.

போகும்போது ஒரு பாக்கெட் தட்டை வாங்கிட்டுப் போங்க. சும்மா பேச்சை ஆரம்பிக்கத்தான்!